இன்னொரு கிண்ணம்

"எங்கம்மா கையால தேநீர் குடிச்சு முடிக்கிற வரைக்கும் மண்டி போட்டே உட்காரணும். காலை நீட்டினேன்னு வை, நம்ம கல்யாணத்தை மறந்துட வேண்டியதுதான்" என்று மசாகி அயானோவை எச்சரித்துத்தான் உள்ளே அனுப்பினான்.

ஜப்பானின் கனஸாவா நகரத்தில் தேநீர்ச் சடங்கு என்றால் அவன் அம்மா தொமியேதான். அவர் முன்னால் பாயில் மண்டியிட்ட அயானோவுக்கு, முதல் கிண்ணம் முடிவதற்குள் கால்கள் மரத்துவிட்டன. இப்போது எழுந்து விடைபெற வேண்டும். எப்படி எழுவது?

"இன்னொரு கிண்ணம் தரட்டுமா?" என்றார் தொமியே.

"குடுங்கம்மா!" என்றாள், உயிர் வந்தவளாய்.

அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பச்சைக் கசப்பு தொண்டை வரை நின்றது.

"இன்னும் கொஞ்சம்?"

"உங்க கையால எவ்வளவு குடிச்சாலும் திகட்டலைம்மா."

தொமியே டப்பாவைத் திறந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "பொடி தீர்ந்துபோச்சு."

வேறு வழியில்லை. எழ முயன்ற அயானோ பாயில் குப்புற விழுந்தாள். அழுகை வந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்கம்மா. கால் மரத்து எந்திரிக்க முடியல. அதனாலதான் கேட்டுக் கேட்டுக் குடிச்சேன்."

தொமியே இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"அடிப்பாவி, அதை அப்பவே சொல்லக்கூடாதா? எனக்கும் அப்பவே மரத்துப்போச்சு! நீ கிளம்பினா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பணுமேன்னுதான் கலக்கிக் கலக்கிக் குடுத்தேன்!"

பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"மசாகி, ஓடி வாடா! முதல்ல என் மருமகளைத் தூக்கு. அப்புறம் என்னைத் தூக்கலாம்!"