வேலியில் இருந்த வாளி

தென்னந்தோப்பைப் பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. அன்று தம்பி அண்ணியிடம் பொரிந்து தள்ளினான்.

"பொது வேலியில தொங்கின வண்டுப் பொறி வாளியை அண்ணன் தன் தோப்புக்கு நடுவுல மாத்திக்கிட்டாராமே? என் கன்னுங்களை வண்டு தின்னட்டும்னா?"

"நீயே வந்து பாரு" என்று அண்ணி கூட்டிப்போனாள்.

வாளி நிறைய வண்டு. ஆனால் சுற்றியிருந்த அண்ணனின் மரங்களில் குருத்தெல்லாம் வண்டு குதறிக் கிடந்தது.

"வாளிக்குள்ள வெச்ச மருந்து வாசனைக்கு வர்ற வண்டெல்லாம் வாளியில விழாதாம். பக்கத்து மரத்துலயும் உட்காருமாம். வளர்ந்த மரம் தாங்கும், உன் கன்னு தாங்காதுன்னுதான் இங்க கொண்டுவந்தார்."

தம்பி நேரே மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம் போனான்.

"அண்ணே, வாளியை ரெண்டு தோப்புக்கும் வெளியே, ஓடைக்கரையில கட்டிடலாம். கம்பம் நான் நடறேன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க காத்து ஜாஸ்தி. குழியை ஆழமாத் தோண்டு."