எழுபத்தாறாவது ஆணி

பாலைவனத்துச் செம்புச் சுரங்கத்தின் வாசலில் ஒரு மரப்பலகை நின்றது. உள்ளே இறங்குகிறவர்கள் தங்கள் எண் பொறித்த பித்தளை வில்லையை அதன் ஆணியிலிருந்து எடுத்துப்போய், ஏறி வந்ததும் திரும்ப மாட்டவேண்டும். செம்பு தீர்ந்து ஊர் காலியாகி முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. எழுபத்தாறு ஆணிகளில் ஒன்று மட்டும் இன்னும் வெறுமையாக இருந்தது.

"இடுப்பு வரைக்கும் மணல் வந்துருச்சே. சாஞ்சு படுக்கக் கூடாதா அண்ணே?" என்றது பலகைமேல் ஏறியிருந்த ஓணான்.

"ஒருத்தன் உள்ளே இருக்கான். நான் படுத்துட்டா எங்கே மாட்டுவான்?"

"மறதியா வில்லையைப் பையில போட்டுக்கிட்டுப் பஸ் ஏறியிருப்பான்."

"நீ பார்த்தியா?"

பார்க்கவில்லை. சலித்துப்போன ஓணான் சுரங்கத்தின் அடிவரை இறங்கித் தேடிவிட்டு மூன்றாம் நாள் திரும்பியது. "கீழே ஒருத்தரும் இல்லை அண்ணே."

பலகை உளுத்துப்போன காலை மணலில் இன்னும் கொஞ்சம் ஊன்றிக்கொண்டது.

"அப்போ ஏறிக்கிட்டிருக்கான்" என்றது.