மனப்பாடமாக ஒரே ஒரு நம்பர்

பள்ளிப் பிள்ளைகள் செல்போன்களைக் கூடையில் போட்டுவிட்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். மூன்றாவதாக வந்த பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையை நாகவள்ளி படித்தாள். அனன்யா பாலமுரளி.

கையிலிருந்த காகித இறகுகள் நழுவி விழுந்தன. குனிந்து பொறுக்கினாள்.

அட்டையே தேவையில்லை. இடது புருவத்து வெட்டுத் தழும்பு ஒன்று போதும். பிறந்த நாற்பதாம் நாளிலிருந்து ஏழு வயது வரை, அபுதாபியில் அந்த வீட்டிலேயே தங்கி அவளை இடுப்பிலும் தோளிலும் வளர்த்தவள் நாகவள்ளி. பிள்ளை பெரியவளாகிவிட்டாள், இனி ஆள் வேண்டாம் என்று விசாவை ரத்து செய்து அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருஷமாகிறது.

இப்போது ஷார்ஜாவில் இந்தக் கலைக்கூடத்தில் டூட்டி. ஈரானிலிருந்து வந்த ஓர் அம்மா, பெண்கள் கொடுத்த பழைய முக்காடுகளைத் தைத்துக் கூரை முட்ட ஒரு பறவையைத் தொங்கவிட்டிருந்தார். பெயர் சீமுர்க். அவர்கள் ஊர்ப் பழங்கதையில், தகப்பன் மலையில் போட்டுவிட்டுப் போன பிள்ளையை எடுத்து வளர்த்த பறவை அது. தகப்பன் திரும்பக் கேட்டு வந்தபோது, பிள்ளையின் கையில் ஓர் இறகைக் கொடுத்து அனுப்பியதாம். ஆபத்தென்றால் இதைக் கொளுத்து, வந்துவிடுகிறேன்.

வருகிறவர்கள் ஆளுக்கொரு இறகில், ஆபத்தில் கூப்பிடத் தோன்றும் ஒரு பெண்ணின் பெயரையும் நம்பரையும் எழுத வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் சொந்த மனைவியின் நம்பர் தெரியாமல் இங்கே திருதிருவென விழித்திருக்கிறார்கள்.

அனன்யா இறகை வாங்கினாள். நாகவள்ளியின் முகத்தை நேராகப் பார்த்து ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அவ்வளவுதான்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். வளர்த்த மனத்துக்கு ஒரு பழமொழிகூட யாரும் செய்துவைக்கவில்லை.

நான்தான்டி என்று சொல்ல நாக்கு துடித்தது. பார்வையாளர்களிடம் சொந்தக் கதை பேசினால் வேலை போய்விடும். அதுகூடப் பெரிதில்லை. யார் நீங்கள் என்று அந்தப் பிள்ளை கேட்டுவிட்டால் என்ன செய்வது?

அனன்யா மறுபடி வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, பேர் தெரியாது. நம்பர் மட்டும் எழுதினா ஓகேவா?"

"ஓகேங்க," என்றாள் நாகவள்ளி. காலில் போட்டுக் குளிப்பாட்டிய பிள்ளைக்கு மரியாதை கொடுத்துப் பேசுவது என்னவோபோல் இருந்தது.

பஸ் வந்துவிட்டதென்று டீச்சர் கைதட்டினார். பிள்ளைகள் இறகுகளை மேசையில் போட்டுவிட்டு ஓடினார்கள். அவற்றைப் பறவையின் சிறகில் மாட்டுவது நாகவள்ளியின் வேலை. ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக மாட்டினாள். பெயரில்லாத இறகு கைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அது அவளுடைய நம்பர்.

அனன்யாவின் அம்மா பத்மாவும் அப்பா பாலமுரளியும் ஆபீஸ் மீட்டிங்கில் போனை எடுக்கமாட்டார்கள். மாலில் பிள்ளை தொலைந்துபோனால் என்ன செய்வது என்று பயந்து, சோறூட்டும்போதெல்லாம் தன் நம்பரைத்தான் பாட்டாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவளை அந்த வீட்டில் எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பெயர் எப்படித் தெரியும்?

ஏணியிலிருந்து இறங்கி வாசலுக்கு ஓடினாள். பஸ் போயிருந்தது.

அந்த நம்பரும் இப்போது அவளிடம் இல்லை. விசா ரத்தானதோடு அந்த சிம்மும் போய்விட்டது.

டீ குடிக்கும் நேரத்தில், தன் போனிலிருந்து அதே நம்பரை அழுத்தினாள். யாரோ ஒரு பாகிஸ்தான் பட்டாணியர் எடுத்து சலாம் சொன்னார். பின்னால் லாரி இரைந்தது.

தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கெஞ்சினாள். என்றைக்காவது ஒரு பெண்பிள்ளை இந்த நம்பருக்குக் கூப்பிட்டால், ராங் நம்பர் என்று வைத்துவிடாதீர்கள் பாய், என்னுடைய புது நம்பரைக் கொடுங்கள். நம்பரைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் லாரியின் இரைச்சல் நின்றது. பிறகு, பேனா எடுத்துவிட்டேன், இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லுங்கள் என்றார் அவர்.