முந்திப் போட்ட விண்ணப்பம்

அப்பா ஹார்லன் பான்கேக்கைத் திருப்பியபடியே சொன்னார்: "முந்தி விண்ணப்பிச்சா சீட் கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி, மேரன். அந்தக் காலேஜ் மேல நீ எவ்வளவு ஆசையா இருக்கேன்னு அவங்களுக்குப் புரியும்."

"ஆனா கிடைச்சா அங்கேயேதான் சேரணும், அப்பா. அப்புறம் மனசு மாறக் கூடாது."

"எதுக்கு மாறணும்? நம்ம ஊர்க் காலேஜ். வீட்டுச் சாப்பாடு, உன் நாய், நான்! வேறென்ன வேணும்?"

மேரன் சிரித்தாள். அன்றைக்கே விண்ணப்பம் போனது.

டிசம்பரில், அமெரிக்காவின் கிழக்குக் கோடியிலுள்ள வெர்மான்ட்டில் பனி கொட்டிய ஒரு மாலையில், மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள். "அப்பா! சீட் கிடைச்சிருச்சு!"

ஹார்லன் திகைத்தார். "அதெப்படி? நாங்க இன்னும் முடிவையே அனுப்பலையே!"

உள்ளூர்க் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவுத் தலைவர் அவர்தான். மகளின் விண்ணப்பம் வருமே என்று, இந்த முறை தேர்விலிருந்து ஒதுங்கியே இருந்தார்.

"நான் போட்டது நாட்டோட அந்தக் கோடியில, ஓரிகான்ல இருக்கிற காலேஜுக்கு. பெத்தவங்க கையெழுத்தை அம்மாதான் போட்டாங்க. இங்கே சேர்ந்தா, அப்பா தயவுல வந்தவள்னுதானே சொல்வாங்க?"

வருடா வருடம் எத்தனையோ பிள்ளைகளுக்கு 'இடமில்லை' என்று எழுதியவரை, முதல் முறையாக ஒரு பிள்ளை வேண்டாம் என்றிருந்தாள்.

"ஓரிகான்காரங்க கெட்டிக்காரங்க" என்று மகளை அணைத்துக்கொண்டார். "எங்களுக்கு வரவேண்டிய நல்ல பொண்ணைத் தூக்கிட்டாங்களே!"