துடைத்த முகம்

காய்ந்த துணியையே மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஹெப்சிபாவின் கதவு திறந்திருந்ததே! வெளிநாட்டுப் பொம்மைகளை வாங்கி, முகத்தை அழித்து, கேட்கிற முகத்தை வரைந்து விற்பவள் அவள். புகைப்படம் அனுப்பி ஒரு பெண்ணின் முகத்தைக் கேட்டிருந்தவர் அன்று வாங்க வந்திருந்தார்.

"கட்டிக்கப்போற பொண்ணுன்னீங்க. நான் இன்ஸ்டாவுல போட்ட பொம்மை படத்தைப் பார்த்துட்டு அவளே மெசேஜ் பண்ணிட்டா. உங்கள வேணாம்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சாமே?"

"பொம்மைதானே சிஸ்டர்? முழுப் பணமும் போட்டாச்சு."

ஹெப்சிபா பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரை ஊற்றினாள். மூன்று வாரம் வரைந்த முகம் நான்கே இழுப்பில் போனது.

"பொம்மை உங்களுது, கொண்டுபோங்க. வரைஞ்ச கூலியைத் திருப்பிப் போட்டுடறேன்."

அந்த வழவழப்பை நெஞ்சுப்பக்கம் திருப்புவதா, வெளியே காட்டுவதா என்று தெரியாமல், திருப்பித் திருப்பிப் பிடித்தபடியே அவர் படியிறங்கினார்.