குட்டி எடிட்டருக்கு வந்த அழைப்பு

ஒரு கணினிக்குள், எழுதவும் திருத்தவும் உதவுகிற மென்பொருள்களான இரண்டு எடிட்டர்கள் குடியிருந்தன. பெரிய எடிட்டருக்கு வயதும் அதிகம், வீம்பும் அதிகம். முதலில் ஒரு விசையைத் தட்டி அனுமதி கேட்காமல் ஓர் எழுத்தும் அடிக்க விடாது; அதற்கென்று உள்ள கட்டளை தெரியாதவரை வெளியே போகவும் விடாது. குட்டி எடிட்டரோ யார் வந்தாலும் உடனே எழுத விடும். ஆனாலும் கறுப்புத் திரையில் கட்டளை வாங்குகிற ஏவலாள், எதையாவது எழுத வேண்டி வந்தால் பெரியதைத்தான் கூப்பிடுவான்.

“என்னை ஏண்ணே கூப்பிடவே மாட்டேங்கிற?” என்று குட்டி கேட்டது.

“மாத்தச் சொல்லி யாரும் சொல்லலையே தம்பி” என்றான் ஏவலாள்.

ஒருநாள் கணினிக்குச் சொந்தக்காரியான குமுதவல்லி, இனிமேல் குட்டியையே கூப்பிடும்படி அவனுக்குக் கட்டளையிட்டாள். குட்டிக்குத் தலைகால் புரியவில்லை.

“பெரியவரே, இனி நீங்க காலை நீட்டித் தூங்கலாம்!”

பெரியது அதை மனதில் வைத்துக்கொண்டது.

குமுதவல்லி திரையை மூடினாள். மறுநாள் திறந்ததும் ஏவலாள் மறுபடியும் பெரியதைக் கூப்பிட்டான்.

“நேத்துதானே சொன்னாங்க!” என்று குட்டி கத்தியது.

“நேத்துச் சொன்னது நேத்துத் திரையோட போச்சு. நான் தினமும் எழுந்ததும் படிக்கிற கோப்பு ஒண்ணு இருக்கு. அதுல எழுதி வைக்கணும்.”

குமுதவல்லிக்கும் அது புரிந்துவிட்டது. அந்தக் கோப்பைத் திறக்கச் சொன்னாள். வழக்கப்படி பெரியதே வந்து நின்றது. அவளை அனுமதி கேட்க வைத்து, குட்டியின் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதியது.

குட்டிக்கு வெட்கமாகிவிட்டது. “உங்களுக்குப் பெரிய மனசு பெரியவரே!”

“எழுதுறது என் வேலைடா. எழுதினதைச் சேமிச்சு வெளியே போற வழி அந்தம்மாவுக்குத் தெரியுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு.”

குமுதவல்லி ஒவ்வொரு விசையாகத் தட்டத் தொடங்கியிருந்தாள்.