இரண்டாம் பாகத்துக்கு ஒரு வக்கீல்

அந்த வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தை உலகமே காறித் துப்பியது. வேலையிழந்து வீட்டிலிருந்த ஒருவர் மட்டும் இணையத்தில் அதற்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"அந்தக் குப்பைக்கு ஏன் மாமா முட்டுக் கொடுக்கிறீங்க?" என்றான் மைத்துனன்.

"நான் வேலை பார்த்த ஒரே கேம்டா. அது குப்பைன்னா எவன் எனக்கு வேலை தருவான்?"

புதிய கம்பெனியின் நேர்காணலில் மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "உங்க பதிவெல்லாம் படிச்சோம். அந்த கேம்ல ஒரு குறைகூட உங்க கண்ணுல படலை. குறை கண்டுபிடிக்கிற வேலைக்கு உங்களை எப்படி எடுக்கிறது?"

"சார், அது வெளிவர்றதுக்கு முன்னாடியே முந்நூறு குறையை எழுதிக் கொடுத்தவன் நான். அதுக்குத்தான் என்னை வேலையை விட்டே தூக்கினாங்க."

மேலாளர் விண்ணப்பத்தை அவர் பக்கமே நகர்த்தினார்.

"எங்களுக்கும் அடுத்த மாசம் ஒரு ரெண்டாம் பாகம் வருது. நீங்க சத்தியமா வேண்டாம்."